பால்டிக் கரையில் ஒரு பலகை பிறந்த கதை

1932 கோடையில் ஜெர்மனி கொதித்துக்கொண்டிருந்தது. வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜூலை 17-ஆம் தேதி ஹாம்பர்க்கை ஒட்டிய அல்டோனாவில், கம்யூனிஸ்டுகள் நிறைந்த தெருக்களுக்குள் நாஜிகளின் ஊர்வலம் புகுந்தது. துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்தார்கள். அதையே சாக்காக வைத்து மூன்றாம் நாள் சான்சலர் ஃபான் பாப்பன் பிரஷ்ய மாநில அரசைக் கலைத்தார். அதன் உள்துறை ஃப்ரான்ஸ் ப்ராக்ட் என்பவர் கைக்குப் போனது. இவர் அதுவரை எஸ்ஸன் நகரத்தின் மேயராக இருந்தவர். பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 18-ஆம் தேதி அவர் போட்ட ஓர் ஆணை, ஆற்றிலும் ஏரியிலும் கடலிலும் குளிக்கிறவர்களைப் பற்றியது. பொது இடத்தில் யாரும் ஆடையில்லாமல் குளிக்கக் கூடாது. ஒழுக்கக்கேடான உடையிலும் குளிக்கக் கூடாது.

ஒழுக்கக்கேடான உடை எது என்ற கேள்வி உடனே எழுந்தது. செப்டம்பர் 28-ஆம் தேதி விளக்க ஆணை வந்தது. பெண்களின் நீச்சலுடை முன்புறம் மார்பையும் வயிற்றையும் முழுக்க மறைக்க வேண்டும். அக்குளுக்குக் கீழே இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். முதுகுப் பக்கத்து இறக்கம் தோள்பட்டை எலும்பின் கீழ் முனையைத் தாண்டக் கூடாது. ஆண், பெண் இருவர் உடையிலும் கால் பகுதி இருக்க வேண்டும். இரு கால்களும் சேருமிடத்தில் தனியாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் அந்தத் துண்டுக்கு ட்ஸ்விக்கல் என்று பெயர். ஆணைக்கும் அதுவே பெயராக நிலைத்தது.

நாடே சிரித்தது. நாம் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அந்த விதிகளுக்குப் பின்னால் எல்லா நாட்டுச் சட்டங்களையும் திணறடித்த ஒரு கேள்வி இருக்கிறது. மனித உடல் வெளியே தெரிவதே குற்றமா? குற்றமென்றால் எவ்வளவு தெரிந்தால் குற்றம்? 1932-இன் அரசு அளவுநாடாவை எடுத்துப் பதில் சொல்லப் பார்த்தது. 24 ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் இன்னொரு அரசு அந்தக் கேள்விக்கு வேறொரு பதிலைக் கண்டுபிடித்தது. மணலில் நட்ட ஒரு பலகைதான் அந்தப் பதில். அது பிறந்த கதையை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

முதல் வழக்கிலிருந்து தொடங்கலாம். மியூனிக் நகருக்குத் தெற்கே, ஹோல்ரீகல்ஸ்க்ரொய்த் என்ற இடத்தில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் கார்ல் வில்ஹெல்ம் டீஃபன்பாக் என்ற ஓவியர் 1880-களில் தன் பிள்ளைகளோடும் சீடர்களோடும் வாழ்ந்தார். புலால் உண்பதில்லை, முரட்டுத் துணியில் ஓர் அங்கி, வெயில் அடித்தால் அதுவும் இல்லை. 1888-இல் போலீஸ் வழக்குப் போட்டது. ஜெர்மனியில் நிர்வாணத்துக்காக நடந்த முதல் வழக்கு என்று இதைத்தான் சொல்வார்கள். ஹூகோ ஹோப்பனர் என்ற இளம் சீடர் குருவுக்காகச் சிறைக்குப் போய் வந்தார். அந்த விசுவாசத்துக்காகக் குரு அவருக்கு ஃபீடுஸ் என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் ஜெர்மன் வீடுகளின் சுவர்களில் தொங்கிய எத்தனையோ படங்களில் அந்தப் பெயர்தான் கையெழுத்தாக இருந்தது.

அன்றைக்குக் கையில் இருந்த சட்டம் 1871-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். அதன் 183-ஆம் பிரிவு, ஆபாசச் செயலால் பொதுமக்களுக்கு அருவருப்பை உண்டாக்குகிறவனைத் தண்டிக்கச் சொன்னது. கவனியுங்கள், அங்கே "செயல்" என்று இருக்கிறது. சும்மா வெயிலில் படுத்திருப்பது ஒரு செயலா? ஏரியில் நீந்துவது ஆபாசமா? அடுத்த அரை நூற்றாண்டு நிர்வாண இயக்கத்தாரின் வாதம் முழுவதும் இந்த இடுக்கில்தான் நின்றது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு சிறு முயற்சி நடந்தது. 1891-இல் பம்பாய் மாகாணத்தில் சார்லஸ் எட்வர்ட் கார்டன் க்ராஃபோர்ட் என்ற ஆங்கிலேய மாவட்ட நீதிபதி ஆடையில்லாதவர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். உலகத்தில் இப்படிப் பதிவாகியிருக்கும் சங்கங்களில் இதுவே முதலாவது என்கிறார்கள். அவரையும் சேர்த்து மூன்றே உறுப்பினர்கள். இங்கிலாந்தில் இருந்த எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பெண்டருக்கு அவர் எழுதிய கடிதங்களால்தான் இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது. நீதிபதிக்கு இடமாற்றம் வந்தது, சங்கம் கலைந்தது. 1894-இல் அவரும் இறந்துபோனார்.

ஜெர்மனியில் அது ஏன் அப்படிக் கலைந்துபோகாமல் மக்கள் இயக்கமாக வளர்ந்தது? பெர்லின் வீடுகளைப் பார்த்தால் காரணம் புரியும். தொழிலாளர்கள் அடைந்து கிடந்தது ஐந்து மாடிக் குடியிருப்புகளில். ஒரு கட்டடத்துக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. நடுவில் ஒரு முற்றம். 1853-ஆம் ஆண்டின் கட்டட விதிப்படி அந்த முற்றம் குறைந்தது 5.34 மீட்டர் சதுரம் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்புவதற்கான அளவு அது. குழந்தைகளின் மேல் வெயில் விழுமா என்று யாரும் யோசிக்கவில்லை. கீழ்த்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளைந்தது. காசநோய் குடும்பம் குடும்பமாக அள்ளிக்கொண்டு போனது.

1918 முடிந்து 1919 பிறந்த குளிர்காலத்தில் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற பெர்லின் குழந்தை மருத்துவர், எலும்பு வளைந்த நான்கு பிள்ளைகளை, புற ஊதாக் கதிர் வீசும் குவார்ட்ஸ் விளக்கின் கீழ் வைத்தார். சில மாதங்களில் எக்ஸ்ரே படத்தில் எலும்புகளில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருப்பது தெரிந்தது. தோலின் மேல் விழுந்த ஒளியே நோயைத் தீர்த்தது. அதற்கு முன்பே, 1903-இல், தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்டதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு பெற்றிருந்தார். உடலை வெயிலுக்குத் திறந்து காட்டுங்கள் என்ற குரல் ஜெர்மானியர் காதில் வக்கிரமாக விழாமல் வைத்தியமாக விழுந்ததற்கு இப்படி ஒரு பின்னணி உண்டு.

ஃபின்சன் பரிசு வாங்கிய அதே 1903-இல் லூபெக் நகருக்கு அருகே க்ளிங்பெர்க்கில் பவுல் ட்சிம்மர்மன் வேலி போட்ட ஒரு பூங்காவைத் திறந்தார். உறுப்பினர்கள் உள்ளே ஆடையில்லாமல் உலவலாம். சங்கங்கள் பெருகின, பத்திரிகைகள் வந்தன. இந்த வளர்ச்சியில் ஒரு கறையும் உண்டு. அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். தொடக்க காலத் தலைவர்களில் ஹைன்ரிஷ் பூடோரும் ரிஷார்ட் உங்கெவிட்டரும் கடைந்தெடுத்த இனவாதிகள். தூய ஜெர்மன் இனத்தை வளர்க்க ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் ஆடையின்றிப் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றுகூட உங்கெவிட்டர் கூட்டம் எழுதியது. உடலைத் துணியிலிருந்து விடுவித்த கையோடு அவர்கள் அதை இனத்துக்குள் அடைத்தார்கள்.

இவர்களுக்கு நேர் எதிரே நின்றவர் அடால்ஃப் கோக். 1897-இல் பிறந்தவர், பெர்லின் பள்ளி ஆசிரியர், சோஷலிஸ்ட். அவர் வகுப்பில் இருந்தவர்கள் அந்த இருட்டு முற்றங்களில் வளர்ந்த பிள்ளைகள். பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களுக்கு ஆடையில்லாமல் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். செய்தி வெளியே போனதும் பத்திரிகைகள் கூச்சலிட்டன. அரசு விசாரணை வந்தது. கோக் பள்ளி வேலையை விட்டு விலகித் தன் பெயரிலேயே உடற்கல்விப் பள்ளி தொடங்கினார். அங்கே மருத்துவர் பரிசோதனை உண்டு, பயிற்சி உண்டு, குளியல் உண்டு, பாலியல் பற்றிய அறிவுரையும் உண்டு. கிளைகள் பல நகரங்களில் வந்தன. தொழிற்சாலை வேலை முடிந்து மாலையில் குடும்பத்தோடு வந்தவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். 1929-இல் நிர்வாண இயக்கத்தின் முதல் உலக மாநாடு பெர்லினில் அவருடைய பள்ளியில்தான் கூடியது. ஆடையில்லாமல் நிற்கும்போது முதலாளி யார், கூலிக்காரன் யார் என்று தெரியாது என்பது அந்த முகாமின் அடிப்படை நம்பிக்கை. இந்தக் கதையில் வரும் தலைவர்களில் என் மரியாதை முழுவதும் கோக்குக்குத்தான். தத்துவம் பேசியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நோஞ்சான் பிள்ளைகளின் எலும்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர்.

ப்ராக்ட் ஆணை வந்தது இந்த நேரத்தில்தான். சட்டப்புத்தகத்தில் "செயல்" என்ற சொல் தடையாக இருந்ததால், போலீஸ் ஒழுங்குமுறை என்ற பின்வாசல் வழியாகத் தடை நுழைந்தது. அடுத்து வந்தவர்கள் இன்னும் வேகம். 1933 மார்ச் 3-ஆம் தேதி, பிரஷ்யாவின் உள்துறையைக் கைப்பற்றியிருந்த நாஜித் தலைவர் கோரிங், நிர்வாண இயக்கத்தை ஒடுக்கச் சொல்லிப் போலீசுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஜெர்மன் பண்பாட்டுக்கும் ஒழுக்கத்துக்கும் அது பெரிய ஆபத்துகளில் ஒன்றாம். கோக்கின் பள்ளிகள் மூடப்பட்டன. சோஷலிஸ்ட் சங்கங்கள் கலைக்கப்பட்டன. இனவாதச் சங்கங்களோ பெயரை மாற்றிக்கொண்டு நாஜி அமைப்புக்குள் ஒண்டிக்கொண்டன. கடைசியில் 1942 ஜூலை 10-ஆம் தேதி வெளியான போலீஸ் ஒழுங்குமுறை, சம்பந்தமில்லாதவர் கண்ணில் படாது என்று நம்பத்தக்க இடத்தில் ஆடையின்றிக் குளிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. நாஜிகளின் எஸ்எஸ் படையின் மேல்மட்டத்தில் உடல் வழிபாட்டில் ஆர்வமுள்ளவர்கள் இருந்தார்கள். லட்சக்கணக்கானவர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த ஓர் அரசு, ஏரிக் குளியலுக்கு விதி எழுதிக்கொண்டிருந்த ஆண்டு அது.

போர் முடிந்து நாடு இரண்டானது. மேற்கில் சங்கங்கள் மறுபடி பிறந்தன. 1949-இல் கூட்டமைப்பும் வந்தது. ஆனால் அங்கே இது பெரும்பாலும் வேலிக்குள் நடக்கும் உறுப்பினர் விவகாரமாகவே தங்கிவிட்டது. பலகை பிறந்தது கிழக்கில்.

பால்டிக் கரையில் ஃபிஷ்லாந்து, டார்ஸ் என்ற நிலத்துண்டுகள் சேரும் இடத்தில் ஆரன்ஸ்ஹோப் என்ற சிற்றூர் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் உப்பங்கழி, நடுவே நாணல் வேய்ந்த வீடுகள். 1890-களிலிருந்தே ஓவியர்கள் குடியேறிய ஊர். 1945-க்குப் பிறகு பண்பாட்டுக் கழகம் இதை எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஓய்வூராக ஆக்கியது. அந்தக் கழகத்தின் தலைவர் யோஹானஸ் ஆர். பெஹர். கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்தை எழுதிய கவிஞர். 1954 முதல் பண்பாட்டு அமைச்சர். நாஜிகளுக்கு முந்தைய வெய்மார் குடியரசுக் காலத்துப் பழக்கத்தை விடாத விருந்தினர்கள், மணல்குன்றைத் தாண்டியதும் உடையைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினார்கள். கரையில் ஒரு பகுதி அவர்களுடையதாகவே ஆகிவிட்டது.

1953 தொடக்கத்தில் அரசு பால்டிக் கரையின் விடுதிகளையும் ஓய்வில்லங்களையும் உரிமையாளர்களிடமிருந்து பறித்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ரோஜா நடவடிக்கை என்று அதற்குப் பெயர். பறித்தவை தொழிற்சங்க விடுமுறை இல்லங்களாக மாறின. இப்போது கரைக்குப் புது ஆட்கள் வந்தார்கள்: இரும்பாலைத் தொழிலாளர்கள், நெசவாலைப் பெண்கள், பிள்ளைகுட்டிகளோடு. கடற்கரை திடீரென்று நெரிசலானது. ஆடையோடு இருப்பவர்களும் இல்லாதவர்களும் ஒருவர் பாயில் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களிடமிருந்தும் விருந்தினரிடமிருந்தும் புகார்கள் போயின.

பெஹர் ஆடையில்லாக் குளியலின் பரம விரோதி. தேசத்தின் கண்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அவரைப் பற்றி ஜெர்மானியர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆரன்ஸ்ஹோப் கரையில் நடந்துகொண்டிருந்த பெஹர், முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு ஆடையில்லாமல் படுத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, வெட்கமாக இல்லையா கிழட்டுப் பன்றியே என்று திட்டினாராம். செய்தித்தாள் விலகியதும் அன்னா சேகர்ஸ் தெரிந்தாராம். நாஜிகளிடமிருந்து தப்பி மெக்சிகோ வரை போய், நாட்டின் மிகப் பெரிய நாவலாசிரியராகத் திரும்பி வந்தவர் அவர். சில காலம் கழித்துத் தேசியப் பரிசை வழங்கிய மேடையில் பெஹர் என் அன்பு அன்னா என்று தொடங்க, உனக்கு நான் எப்போதும் கிழட்டுப் பன்றிதான் என்று சேகர்ஸ் அரங்கமே கேட்கச் சொன்னாராம். சேகர்ஸுக்குத் தேசியப் பரிசு கிடைத்தது 1951-இல், அடுத்தது 1959-இல். பெஹர் 1958-லேயே இறந்துவிட்டார். ஆகவே கரையில் அது நடந்திருந்தால் 1951-க்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். நடந்ததோ இல்லையோ, ஒரு சர்வாதிகார நாட்டு மக்கள் அமைச்சரை விட்டுவிட்டு, ஆடையில்லாமல் படுத்திருந்த எழுத்தாளர் பக்கம் சேர்ந்துகொண்டு இந்தக் கதையைப் பத்திரமாகப் பாதுகாத்தார்கள். அதை நான் முக்கியமான சாட்சியமாக எடுத்துக்கொள்கிறேன்.

1954-இல் தடை வந்தது. பால்டிக் கரையில் ஆடையில்லாமல் குளிக்கக் கூடாது; போலீஸ் ரோந்து வரும்.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 17-ஆம் தேதிதான் கிழக்கு ஜெர்மனியின் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி, சோவியத் டாங்கிகளால் நசுக்கப்பட்டிருந்தார்கள். சங்கம் வைக்க முடியாது. ஊர்வலம் போக முடியாது. பத்திரிகை நடத்த முடியாது. கையில் மிஞ்சியிருந்தது மனு மட்டுமே. அரசுக்கு மனு எழுதும் உரிமையை 1949-ஆம் ஆண்டின் அரசியல் சட்டமே குடிமக்களுக்குத் தந்திருந்தது. ஆடையில்லாமல் குளித்தவர்கள் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். ஊராட்சிக்கு, மாவட்டத்துக்கு, அமைச்சகத்துக்கு, தலைவர்களுக்கு என்று மனுக்கள் பறந்தன.

அவர்கள் எடுத்த வாதங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதர்கள் மேல் பெரிய மதிப்பு வருகிறது. விதிவிலக்குக் கேட்டு அவர்கள் கெஞ்சவில்லை. ஆட்சியாளர்களின் சொந்தச் சொற்களை எடுத்து அவர்கள் முன்னாலேயே வைத்தார்கள். நாங்கள் தொழிலாளர்கள்; கட்சி உறுப்பினர்கள்; இது பாட்டாளி இயக்கத்தின் பழக்கம்; அடால்ஃப் கோக்கின் பள்ளியில் எங்கள் பெற்றோர் கற்றது. இதை ஒடுக்கியவர் கோரிங். நீங்கள் அவர் வழியில் போகிறீர்களா? உடலைக் கண்டு வெட்கப்படுவது முதலாளித்துவப் போலி ஒழுக்கம் இல்லையா? இப்படிக் கேட்டால் ஒரு சோஷலிஸ்ட் அதிகாரி என்ன பதில் எழுதுவார்? சிறையில் போடலாம். ஆனால் மனுப் போட்டவர்களில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் இருந்தார்கள். மேற்கு எல்லை வழியாக ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வெளியேறிக்கொண்டிருந்த நாட்டில், படித்தவர்களை ஒரு குளியல் உடைக்காகப் பகைத்துக்கொள்ள எந்த அதிகாரிக்கும் துணிவில்லை. இதற்கிடையே கரையில் மக்கள் சும்மா குளித்துக்கொண்டேயிருந்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளக் கடற்கரையில் எத்தனை போலீஸ்காரர்களை நிறுத்துவது?

1956 மே 18-ஆம் தேதி திறந்தவெளிக் குளியலை ஒழுங்குபடுத்தும் ஆணை வெளியானது. பெயரில் நிர்வாணம் பற்றிய பேச்சே இல்லை. குளியல் இடங்களுக்கான பொது விதிகளுக்கு நடுவே வருகிறது நம் விஷயம். எல்லாரும் வந்துபோகும் இடங்களில் நீச்சலுடை இல்லாமல் குளிக்க அனுமதி கிடையாது என்று தடையைப் போலத்தான் தொடங்குகிறது. அடுத்து வருகிறது விலக்கு: உள்ளூர் மன்றம் அதற்கென்று வெளிப்படையாகத் திறந்துவிட்டு, அடையாளம் வைத்த இடங்களில் குளிக்கலாம். அந்த அடையாளம்தான் பலகை. சுதந்திர உடல் பண்பாடு என்று பொருள்படும் நீண்ட ஜெர்மன் சொல்லின் சுருக்கமாக எஃப்கேகே என்ற மூன்று எழுத்துகள் மணலில் ஏறி நின்றன.

இதை எழுதியவர் எந்த அதிகாரியோ, அவர் சட்டம் எழுதத் தெரிந்தவர். ப்ராக்ட் அளந்த முதுகும் காலும் இதில் எங்கும் இல்லை. ஆடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று இந்த ஆணை கேட்கவே இல்லை. எங்கே என்று மட்டும் கேட்கிறது. எங்கே என்பதையும் தலைநகரம் தீர்மானிக்கவில்லை. எந்த மணல் ஒதுங்கியிருக்கிறது, எங்கே பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், எங்கே மீனவர்கள் வலை உலர்த்துவார்கள் என்று தெரிந்த ஊர் மன்றத்திடம் விட்டுவிட்டது. பலகை நிற்பதால் வழிப்போக்கருக்கு முன்கூட்டியே தகவல் கிடைக்கிறது. விருப்பமில்லாதவர் திரும்பிப் போகலாம். தாண்டி வருகிறவர் தெரிந்தே வருகிறார். அருவருப்பு, புகார் என்ற பேச்சுக்கு இடமே இல்லாமல் போகிறது.

இதில் அரசின் கணக்கு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. இடம் கொடுத்தார்கள், சங்கம் கொடுக்கவில்லை. தலைவர், சந்தா, பத்திரிகை, மாநாடு எதற்கும் அனுமதி கிடையாது. மக்கள் தாமாக ஒன்றுசேரும் எந்த அமைப்பையும் கண்டு அஞ்சிய அரசு அது. ஆனால் அந்த அச்சமே எதிர்பாராத விளைவைத் தந்தது. மேற்கில் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் வேலிக்குள் போகலாம். கிழக்கில் வேலியும் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. யாரும் நடந்து போய் நுழையலாம். இயக்கமாக வளர முடியாதது ஊர் வழக்கமாக வளர்ந்தது. டார்ஸ் பகுதியில் உள்ள ப்ரேரோவின் மணல்குன்றுகளில் கூடார முகாம் விரிந்தது. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1970-களில் பலகை இல்லாத இடங்களிலும் ஆடையில்லாமல் குளித்தார்கள். போலீசும் கண்டுகொள்ளவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கிழக்கு ஜெர்மனியைச் சுதந்திர பூமி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதே பால்டிக் கடல் அந்த நாட்டின் எல்லையும்கூட. இருட்டிய பின் கரையில் தேடுவிளக்குகள் சுழன்றன. காற்றடைத்த மெத்தையைத் தண்ணீருக்குள் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அதில் மிதந்து டென்மார்க்குக்கோ மேற்கு ஜெர்மனிக்கோ தப்பிவிடுவார்கள் என்ற பயம். தப்ப முயன்ற பலர் அந்தக் கடலிலேயே மூழ்கினார்கள். உடையைக் கழற்ற அனுமதித்த அரசு மெத்தையில் மிதக்க அனுமதிக்கவில்லை. மக்களுக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சுதந்திரம். அதையும் அவர்களே வாதாடி வாங்க வேண்டியிருந்தது.

1990-இல் நாடு ஒன்றானதும் மேற்கிலிருந்து விருந்தினர்கள் குவிந்தார்கள். ஆடையோடும் இல்லாமலும் கலந்து கிடந்த கரைகளைப் பார்த்து அவர்கள் முகம் சுளித்தார்கள். பத்திரிகைகள் இதற்கு ஜட்டிப் போர் என்றே பெயர் வைத்தன. சுற்றுலா வருமானத்தை நம்பிய ஊர்கள் ஆடையில்லாப் பகுதிகளை ஓரத்துக்குத் தள்ளின. 2007 டிசம்பரில் போலந்து எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனை நீங்கியது. ஊசடோம் தீவின் கரையில் காலாற நடந்து வந்த போலந்துக்காரர்கள், எல்லையைத் தாண்டியதும் ஆடையில்லாத ஜெர்மானியரைக் கண்டு திகைத்தார்கள். மறுபடி சச்சரவு. கிழக்கு ஜெர்மனியும் இல்லை, அதன் ஆணையும் இல்லை. இன்றைய ஜெர்மனியில் வெறும் நிர்வாணம் குற்றமல்ல. பொதுமக்களுக்குத் தொந்தரவு என்று கருதினால் அபராதம் போட ஒரு பிரிவு உண்டு. மற்றபடி ஊர்களின் கடற்கரை விதிகளே தீர்மானிக்கின்றன. அதாவது 1956-இல் கண்டுபிடித்த வழியேதான் இன்னும் நடப்பில் இருக்கிறது.

மற்ற நாடுகளும் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வந்தன. நெதர்லாந்தில் 1973-இல் காலன்ட்ஸூக் ஊரில் அதிகாரபூர்வமான முதல் கடற்கரை திறந்தது. 1986-இல் தண்டனைச் சட்டத்தில் 430அ என்ற புதுப் பிரிவு சேர்ந்து, எந்த இடம் பொருத்தமானது என்று குறிக்கும் பொறுப்பை நகர மன்றங்களுக்குக் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1972-இல், ஒதுக்குப்புறமான கரையில் ஆடையில்லாமல் வெயில் காய்ந்த ஒருவருடைய தண்டனையை ரத்து செய்தது. காம நோக்கம் இல்லாத வெறும் நிர்வாணம் ஆபாசக் குற்றமாகாது என்றது. 1979-இல் அந்த மாநிலப் பூங்காத் துறையின் இயக்குநர் ரஸ்ஸல் கேஹில், யாராவது புகார் கொடுத்தால் உடுத்தச் சொல்லுங்கள், அதற்கும் மறுத்தால் நடவடிக்கை எடுங்கள் என்று தன் காவலர்களுக்கு வழிகாட்டினார். சான் ஃப்ரான்சிஸ்கோ மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. காஸ்ட்ரோ பகுதிச் சதுக்கத்தில் சிலர் அன்றாடம் ஆடையில்லாமல் உட்காரத் தொடங்கியதும், 2012 நவம்பரில் நகர மன்றம் 6-க்கு 5 என்ற ஒற்றை வாக்கில் தடை போட்டது. அங்கேயும் அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு விலக்கு உண்டு.

எல்லையே வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் ஸ்டீஃபன் கோஃப், முன்னாள் கடற்படை வீரர். 2003-இல் தொடங்கி, நாட்டின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனை வரை காலணியும் தோள்பையும் மட்டும் அணிந்து நடந்தார். ஸ்காட்லாந்தில் மறுபடி மறுபடி கைது செய்தார்கள். சிறை வாசலில் விடுதலையாகி வெளியே வந்ததும் ஆடையில்லாமல் நின்றதற்காக அங்கேயே மீண்டும் பிடித்தார்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தார். 2014-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஆடையில்லாமல் நடப்பது ஒரு கருத்தை வெளிப்படுத்தும் வழிதான் என்று ஏற்றுக்கொண்டது; ஆனாலும் அவர் விரும்பாதவர்கள் மேல் அதைத் திணிக்கிறார் என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவருடைய மன உறுதி என்னை அசைக்கிறது. எவருக்கும் தீங்கு செய்யாத ஒருவரை அத்தனை ஆண்டுகள் அடைத்து வைத்தது கொடுமை. ஆனால் சட்டத்தை நகர்த்தியது தனி ஆளின் அந்தப் பிடிவாதம் இல்லை. கடற்கரையில் பக்கத்துப் பாயில் இருக்கிற மனிதரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மனு எழுதிய அந்தப் பெயர் தெரியாத விடுமுறைக் குடும்பங்கள்தான் அதை நகர்த்தின.

பால்டிக் கரையில் பலகைகள் இன்றும் நிற்கின்றன. ஆடையில்லாதவர்களின் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. அவர்களுக்கான மணலில் ஆடையோடு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றி இப்போது அவர்கள் புகார் சொல்கிறார்கள். அதைக் கேட்டு ரோஸ்டாக் நகரம் அண்மையில் தன் கடற்கரை விதிகளைத் திருத்தியது. எஃப்கேகே பலகைக்கு அப்பால் உடையைக் கழற்ற மறுக்கிறவரை வெளியே போகச் சொல்லும் அதிகாரம் இப்போது அங்கே கடற்கரைக் காவலருக்கு உண்டு.